அளவறிந்த வெப்பமும் அளவறிந்த குளிர்ச்சியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் அரசாங்க அறிக்கையொன்று தமிழாக்கத்துக்காக நமது மேசைக்கு வந்தது. கட்டடங்களில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது எவ்வாறு என்பதே அதன் பொருள். அதன் நடுவே ஒரு தொடர் காணப்பட்டது. “குறைந்த வெப்பநிலையில் சூடேற்றுதலும், உயர்ந்த வெப்பநிலையில் குளிரூட்டுதலும்” என்பது அதன் நேர்ப்பொருள். கலைப் பட்டம் பெற்று, மொழியையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, இது அச்சுப் பிழை என்றே தோன்றிற்று. சூடேற்றுவதாயின் உயர்ந்த வெப்பநிலை வேண்டும். குளிரூட்டுவதாயின் தாழ்ந்த வெப்பநிலை வேண்டும். இதைச் சிறு பிள்ளையும் அறியுமே! ஆகவே மூல ஆசிரியருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, இரண்டு அடைமொழிகளையும் இடம் மாற்றி எழுதி அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் அத்தாள் திரும்பி வந்தது. தமிழறிந்த பொறியாளர் ஒருவர் அந்த வரியின் அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, “மூலத்தில் உள்ளதே சரி, மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்த வேண்டா” என்று ஓரத்தில் குறித்திருந்தார். நாணத்தோடு அவரைத் தேடிச் சென்று விளக்கம் கேட்டோம். அவர் அன்று பொறுமையோடு கூறியவற்றையும், பின்னர் நூல்களைப் படித்தும் கட்டடங்களைப் பார்த்தும் நாம் அறிந்துகொண்டவற்றையுமே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமது பிழைக்குக் காரணம் இரண்டு சொற்களைக் குழப்பிக்கொண்டதே. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ‘சூடு’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ஒரு குவளை கொதிநீரில் கையை விட்டால் கொப்புளம் கிளம்பும். ஆயினும் அக்குவளை நீரைக் கொண்டு ஒரு குழந்தையை நீராட்டப் போதாது. ஓர் அண்டா நிறைய வெதுவெதுப்பான நீர் இருந்தால், வீட்டிலுள்ள குழந்தைகள் அனைவரையும் நீராட்டிவிடலாம். குவளையில் வெப்பநிலை மிகுதி, வெப்பம் குறைவு. அண்டாவில் வெப்பநிலை குறைவு, வெப்பம் மிகுதி. ஒரு நீர்நிலையைப் பற்றிப் பேசும்போது நீர் எவ்வளவு என்பதும், அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் இருவேறு கேள்விகள் அல்லவா? வெப்பம் நீரின் அளவைப் போன்றது. வெப்பநிலை அதன் உயரத்தைப் போன்றது.

இனி ஒரு வீட்டுக்கு வேண்டுவது எது என்று பார்ப்போம். தில்லியில் வாழ்வோர் ஆண்டுதோறும் இருமுறை சோதிக்கப்படுகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 3, 4 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கிவிடுவதுண்டு. சித்திரை, வைகாசியில் பகல் வெப்பநிலை 45 டிகிரியைக் கடப்பதும் உண்டு. ஆனால் மனித உடல் கேட்பது மிகச் சாதாரணமான ஒன்றே. குளிர்காலத்தில் அறை 20 டிகிரி அளவில் இருந்தால் போதும். கோடைகாலத்தில் 26 டிகிரி அளவில் இருந்தால் போதும். இவ்வளவே நமது தேவை.

இந்தச் சிறு தேவையை நிறைவு செய்ய நாம் கையாளும் வழிகளோ வியப்புக்குரியவை. குளிர்காலத்தில் மின்கணப்பை மூட்டுகிறோம். அதன் கம்பிச்சுருள் செந்நிறமாக ஒளிரும்போது, அது 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் இருக்கும். அதற்கு வேண்டிய மின்சாரமோ, எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் 1,000 டிகிரிக்கு மேலான தீயில் நிலக்கரியை எரித்துப் பெறப்பட்டது. எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது வானிலும் நீரிலும் கலந்து வீணாகிறது. ஓர் அறையை 20 டிகிரிக்குக் கொணர்வதற்காக 1,000 டிகிரித் தீயை மூட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையேயாகும். கோடைகாலத்திலும் இதே கதைதான். பெரிய கட்டடங்களின் குளிர்சாதன யந்திரங்கள் நீரை 6, 7 டிகிரி வரை குளிரச் செய்து, அந்நீரால் காற்றைக் குளிர்வித்து, அக்காற்றை அறைக்குள் செலுத்தி, அறையை 24 டிகிரிக்குக் கொணர்கின்றன.

வசதி படைத்தோருக்கு இது பணவிரயம். வசதியற்றோருக்கு இது உயிர்ப்பிரச்சினை. நாம் முன்னர் குடியிருந்த வளாகத்தில் இரவுக் காவலர் இருவர் இருந்தனர். ஒரு தை மாதத்து இரவில், குளிர் தாளாமல், கரி நிரப்பிய கணப்புச் சட்டியைத் தமது சிற்றறைக்குள் எடுத்துச் சென்று, கதவையும் சாளரத்தையும் இறுக அடைத்துக்கொண்டு உறங்கிப் போயினர். கரி அரைகுறையாக எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காலையில் ஒருவரை மருத்துவமனை காப்பாற்றிற்று; மற்றவர் எழவே இல்லை. வட இந்தியாவில் இத்தகைய செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாளேடுகளில் வருகிறது. சிற்றறை ஒன்றில் கடுந்தீயை வைத்தே உடலைக் காக்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை. மென்மையான வெப்பத்தைக் கொண்டே உடலைக் காக்க இயலுமா என்பது நமக்கு வெறும் பொறியியல் வினாவன்று.

இயலும் என்பதே விடை. அதற்கான முதற் காரணத்தைக் கிணற்று உவமையால் விளக்கலாம். குளிர்சாதன யந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவே. ஏற்றம் இறைப்பவனுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். நீர்மட்டம் ஆழத்தில் இருந்தால் உழைப்பு மிகுதி. மேலே இருந்தால் உழைப்பு குறைவு. வெப்பத்துக்கும் இவ்விதியே பொருந்தும். வெளியே 40 டிகிரிச் சூட்டில் வெப்பத்தைக் கொட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தை 7 டிகிரி நீரிலிருந்து இறைத்தால் 33 டிகிரி உயரம் ஏற்ற வேண்டும். 16 டிகிரி நீரிலிருந்து இறைத்தால் 24 டிகிரி உயரமே ஏற்ற வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிலைநாட்டிய கொள்கையின் அடிப்படையில் கணக்கிட்டால், பின்னதற்கு வேண்டிய உழைப்பு முன்னதைவிட ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைவு. உண்மையான யந்திரங்களில் உராய்வு முதலிய இழப்புகள் உண்டாகையால் கணக்கு அப்படியே பலிக்காது. ஆயினும் அதன் திசை மாறாது.

குளிர்காலத்தில் இதே யந்திரத்தைத் திருப்பி ஓட்டினால், அது வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை இறைத்து வீட்டினுள் கொணரும். இதனை வெப்ப ஏற்றி எனலாம். அது 35 டிகிரி நீரைத் தந்தால் போதும் என்ற நிலையில், ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தைப் பெறலாம். 70 டிகிரி நீர் வேண்டும் என்று வற்புறுத்தினால் இந்த ஆதாயம் பெரிதும் குன்றிவிடும். செந்நிறக் கம்பிச்சுருளோ ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் ஒருபோதும் தராது.

இப்பொழுது நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். 35 டிகிரி நீர் கையில் பட்டால் சூடாகவே தோன்றாதே. அது எப்படி ஓர் அறையைச் சூடாக்கும்? 16 டிகிரி நீர் பானைத் தண்ணீரைவிடச் சற்றே குளிர்ந்தது. அது எப்படித் தில்லிக் கோடையை வெல்லும்? பரப்பினால் வெல்லும் என்பதே இதற்கு விடை. சிறு பொருள் ஒன்று ஓர் அறையைச் சூடாக்க வேண்டுமானால் அது தகித்தாக வேண்டும். அறையின் தரை முழுவதுமே சூடேற்றும் பொருளாகிவிட்டால், 27, 28 டிகிரியே போதுமானது. தரையின் அடியில் அல்லது கூரையின் கான்கிரீட்டுக்குள் சிறு குழாய்களை நெருக்கமாகப் பதித்து, அவற்றில் மிதமான நீரை ஓடவிடுகிறார்கள். குளிர்காலத்தில் தரை இளஞ்சூடாகிறது. கோடையில் கூரை குளிர்கிறது. யந்திரம் கண்ணுக்குத் தெரியாது, ஓசையும் கேளாது.

இரண்டாவது காரணம் நமது உடலிலேயே இருக்கிறது. உடல் தனது வெப்பத்தைக் காற்றுக்கு மட்டும் கொடுப்பதில்லை. சுற்றியுள்ள சுவர், தரை, கூரை ஆகியவற்றை நோக்கிக் கதிர்வீச்சாகவும் கொடுக்கிறது. அமைதியாக அமர்ந்திருப்பவரின் உடலிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் பெரும் பங்கு இவ்வழியாகவே செல்கிறது. கோடைப் பகலில் கோயிலின் கருங்கல் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் உடல் குளிர்வதை நாமெல்லாம் அனுபவித்திருக்கிறோம். அங்கே காற்று அவ்வளவு குளிர்ந்திருப்பதில்லை. குளிர்ந்திருப்பவை கல்தூணும் கல்தளமுமே. நமது வெப்பத்தை அவை ஓசையின்றி ஏற்றுக்கொள்கின்றன.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்கு உண்டு. தில்லியில் நமது முதல் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே அமைந்த மேல்தளம். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கூரை, நள்ளிரவு வரை அடுப்புத் தட்டைப் போல் அனலை வீசும். கடன் வாங்கிக் குளிர்சாதனப் பெட்டி பொருத்தி, அதனை 20 டிகிரியில் வைத்தோம். கால் நடுங்கிற்று, தலையோ கொதித்தது. காற்றைக் குளிர்வித்தோமேயன்றிக் கூரையைக் குளிர்விக்கவில்லை. கூரையும் சுவரும் தக்க அளவில் இருந்தால், காற்று 26, 27 டிகிரியில் இருப்பினும் உடல் அமைதி பெறும்.

மூன்றாவது காரணம் நீரின் இயல்பு. ஒரே பருமனளவுள்ள நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடேற்றினால், நீர் ஏற்கும் வெப்பம் காற்று ஏற்பதைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. ஆகவே, ஆள் நுழையத்தக்க தகரக் குழல்களின் வழியே பெரிய விசிறிகளைக் கொண்டு காற்றைத் தள்ளிச் செய்யும் பணியை, விரல் பருமனுள்ள குழாய்களில் நீரை ஓட்டி ஒரு சிறிய பம்பு செய்துவிடுகிறது. விசிறிக்கு ஆகும் மின்சாரமும் மிச்சம். குழலுக்காகும் இடமும் மிச்சம்.

இந்தக் கருத்து முற்றிலும் புதியதன்று. பண்டை ரோமாபுரியினர் நீராடு மண்டபங்களின் தரையைச் சிறு தூண்கள்மேல் நிறுத்தி, அடியில் அனற்காற்றைப் பாய்ச்சினர். கொரிய நாட்டினர் அடுப்புப் புகையைத் தரைக் கற்களுக்கு அடியே செலுத்தி அறையை இதமாக்கினர். ‘ஒண்டோல்’ எனப்படும் அம்முறை இன்று வெந்நீர்க் குழாயாக உருமாறி அந்நாட்டு அடுக்குமாடி வீடுகளிலும் நிலைத்திருக்கிறது. நமது காஷ்மீரத்தில் மசூதிகளிலும் பழைய இல்லங்களிலும் காணப்படும் ‘ஹமாம்’ அறைகளில், கல்தரையின் அடியில் விறகெரித்து, மேலே மக்கள் அமர்ந்து குளிர்காய்கிறார்கள். தில்லிச் செங்கோட்டையில் 17ஆம் நூற்றாண்டில் அரண்மனை மண்டபங்களின் ஊடே ஒரு நீரோடையை ஓடவிட்டு, அதற்குச் ‘சுவர்க்க ஓடை’ என்று பெயரிட்டனர். பளிங்குத் தளத்தைத் தழுவி ஓடிய அந்த நீர், அழகுக்காக மட்டும் ஓடியதன்று.

இன்றைய இந்தியாவில் இம்முறை எவ்வாறு பயன்படுகிறது என்பதற்கு இரண்டு சான்றுகளைக் கூறுவோம். ஒன்று, தில்லி ஜோர்பாக் பகுதியில் உள்ள இந்திரா பரியாவரண் பவன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இக்கட்டடம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. இங்கே கூரையடியில் பொருத்திய குளிர்நீர் உத்தரங்களின் வழியே 16 டிகிரி நீர் சென்று, 20 டிகிரியாகத் திரும்புமாறு அமைத்துள்ளனர். அறைகளை 26 டிகிரி அளவில் வைத்திருப்பதே திட்டம். வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைக் காற்றில் கொட்டாமல், வளாகத்தில் 80 மீட்டர் ஆழத்துக்குத் துளைத்த 180 துளைகளின் வழியே பூமிக்குள் அனுப்புகிறார்கள். கோடை வெயிலில் வெளிக்காற்று தகித்தாலும், அவ்வளவு ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே மிதமான வெப்பநிலையில் இருக்கிறது. வெப்பத்தை ஏற்றவேண்டிய உயரம் இதனால் மேலும் குறைகிறது. மொட்டை மாடியில் 930 கிலோவாட் திறனுள்ள சூரியத் தகடுகள் பரப்பப்பட்டுள்ளன. கட்டடம் ஓராண்டில் செலவிடும் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். தேவையைச் சுருக்கியதனால்தான் அந்த மாடியளவுத் தகடுகளைக் கொண்டே இந்த நோக்கத்தை மேற்கொள்ள முடிந்தது.

மற்றொன்று ஐதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் கட்டிய அலுவலகம். இதனைக் கட்டியவர்கள் ஓர் அரிய காரியம் செய்தார்கள். கட்டடத்தை ஒத்த இரு பாதிகளாக அமைத்து, ஒரு பாதியில் வழக்கமான, ஆனால் உயர்தரமான, காற்றுவழிக் குளிர்சாதனத்தைப் பொருத்தினர். மறு பாதியில் கான்கிரீட் தளங்களுக்குள் குழாய் பதித்துக் குளிர்நீரை ஓடவிட்டனர். ஒரே வெயில், ஒரே சாளரம், ஒரே வகைப் பணி. குளிரூட்டும் முறை மட்டும் வேறு. இரண்டுக்கும் தனித்தனி அளவுமானிகள் வைத்துக் கணக்கெடுத்ததில், குழாய் பதித்த பாதி குளிரூட்டலுக்கு 34 விழுக்காடு குறைந்த மின்சாரத்தையே செலவிட்டதாகக் கண்டனர். கட்டுமானச் செலவும் கூடவில்லை. வாதத்தால் தீராத வழக்கை இத்தகைய நேர்மையான சோதனை தீர்த்துவைக்கிறது.

இவ்வளவு நன்மை இருக்குமானால் எல்லாக் கட்டடங்களிலும் இதனை ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். குறைகளையும் கூறுவதே முறை. முதலாவது பனித்துளி. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறத்தில் ‘வியர்வை’ படர்வதைக் காண்கிறோம். ஈரம் மிகுந்த காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால், தனது ஈரத்தை நீராக உதிர்த்துவிடும். ஆவணி மாதத் தில்லியிலும், கடற்கரை நகரமாகிய சென்னையில் பல மாதங்களிலும், அந்த அளவு 25 டிகிரியை எட்டிவிடுகிறது. ஆகவே குளிர்ந்த கூரை செம்பைப் போல் வியர்க்கும். நாம் ஒருமுறை இத்தகைய கூரை அமைந்த மண்டபமொன்றில் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். மழை ஓய்ந்த பிற்பகல். காற்று வரட்டும் என்று யாரோ சாளரங்களைத் திறந்துவிட்டார். அரைமணி நேரத்தில் கூரையிலிருந்து சொட்டிய நீர் கோப்புகளின் மேல் விழத் தொடங்கிற்று. தலைவர் குடை பிடித்துக்கொண்டு கூட்டத்தை முடித்தார்!

இதற்குப் பரிகாரம் உண்டு. வெளியிலிருந்து வரும் தூய காற்றின் ஈரத்தைத் தனியொரு யந்திரத்தால் நீக்கி உள்ளே அனுப்ப வேண்டும். குளிர்நீரின் வெப்பநிலை பனித்துளி அளவுக்குக் கீழே இறங்காதவாறு கருவி கொண்டு காக்க வேண்டும். சாளரங்களை மூடிவைக்க வேண்டும். இந்த யந்திரத்துக்கும் மின்சாரம் ஆகும். ஈரப்பதம் மிக்க ஊர்களில் ஆதாயம் சற்றுக் குறையும். ஆயினும் முறை தோற்றுப்போவதில்லை. சென்னையைப் போன்றே புழுக்கம் மிகுந்த பாங்காக் நகரில், 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுவர்ணபூமி விமான நிலையத்தின் பரந்த தளங்கள் குளிர்நீர்க் குழாய்களாலேயே குளிர்விக்கப்படுகின்றன.

இரண்டாவது குறை, மந்தம். கனத்த கான்கிரீட் உடனே குளிராது; உடனே சூடாகாது. பொத்தானை அழுத்தியவுடன் பலன் வேண்டுவோருக்கு இது ஏற்றதன்று. நாள்தோறும் குறித்த நேரத்தில் இயங்கும் அலுவலகம், மருத்துவமனை, நூலகம் ஆகியவற்றுக்கே மிகவும் பொருந்தும். மூன்றாவது குறை என்று சொல்லப்படுவது உண்மையில் ஓர் ஒழுக்கம். மிதமான நீருக்கு ஆற்றல் குறைவு. ஒரு சதுர மீட்டர் குளிர்தளம் சில பத்து வாட் வெப்பத்தையே இழுக்கும். நாற்புறமும் கண்ணாடிச் சுவர் எழுப்பி, மேற்கு வெயிலை உள்ளே வரவேற்றுவிட்டு, மிதமான நீரை நம்பினால் அது கைவிட்டுவிடும். முதலில் கட்டடம் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். சாளரத்துக்கு நிழல் வேண்டும், கூரைக்கு வெப்பக் காப்பு வேண்டும், பிறகே யந்திரம்.

கட்டடம் தன்னைக் காத்துக்கொண்டால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு லடாக் நாடே சான்று. லே நகருக்கு அருகில், ஃபே என்ற சிற்றூரில், ‘செக்மால்’ என்ற கல்வி இயக்கத்தின் வளாகம் இருக்கிறது. மண்ணைத் திமிசு கொண்டு இடித்துக் கெட்டித்த தடித்த சுவர்கள். தெற்கு நோக்கிய பெரிய சாளரங்கள். வெளியே நீர் உறையும் குளிரிலும், பகலில் வாங்கிய இளவெயிலைச் சுவர் இரவில் திருப்பித் தருகிறது. மாணவர் தங்கும் அறைகளைச் சூடாக்க விறகோ கரியோ எரிப்பதில்லை. 20 டிகிரித் தேவைக்கு 1,000 டிகிரித் தீ வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

இந்தப் பாடத்தை நாடு கற்றாக வேண்டிய காலம் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி இந்தியாவின் மின்தேவை 250 கிகாவாட்டை எட்டிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தில்லி நகரின் தேவை மட்டும் 8,600 மெகாவாட்டைக் கடந்தது. இவ்வுச்சங்கள் கடும் வெயில் நாட்களில் வருவதற்குக் குளிர்சாதனங்களே முதன்மைக் காரணம். 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2017-18ஐ நோக்க 2037-38இல் நாட்டின் குளிரூட்டும் தேவை ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்று மதிப்பிட்டது. அவ்வளவு குளிர்ச்சியையும் 7 டிகிரிக் கிணற்றிலிருந்தே இறைப்பதாயின், எத்தனை மின்நிலையங்கள் வேண்டும்! மேலும், ஒவ்வொரு குளிர்சாதனப் பெட்டியும் வெளியே கொட்டும் அனல், அதனை வாங்க வழியற்றவரின் சாளரத்தின் முன்னர்தான் விழுகிறது. ஒருவரின் குளிர்ச்சி மற்றவரின் புழுக்கமாகிவிடலாகாது.

தரைக்குள் குழாய் பதிக்க எல்லாராலும் இயலாது. ஆனால் இம்முறையின் உட்கருத்து எல்லாருக்கும் உரியது. குளிர்சாதனப் பெட்டியை 20 டிகிரியில் வைத்துக் கம்பளி போர்த்துவதை விடுத்து, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெல்லச் சுழலவிடலாம். 2020 ஜனவரி முதல் புதிய அறைக் குளிர்சாதனப் பெட்டிகள் தொடக்க நிலையில் 24 டிகிரியைக் காட்டுமாறு அமைக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசு விதித்ததும் இக்கருத்தாலேயே. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும் பகுதி திரும்பிச் சென்றுவிடும். தெலங்கானா அரசு 2023ஆம் ஆண்டில் இதற்கெனவே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வகுத்தது. நமது மேல்தள வீட்டில் அந்தக் குளிர்சாதனப் பெட்டி தராத நிம்மதியை, பின்னர் இரண்டு வாளிச் சுண்ணாம்பு தந்தது. குளிப்பதற்கு 40 டிகிரி நீர் போதும். அதற்குச் சூரிய வெந்நீர்க் கலம் தகுந்த துணை. நடுங்கும் முதியவருக்கு, அறை முழுவதையும் அனலாக்கும் கணப்பைவிட, போர்வைக்குள் துணி சுற்றி வைத்த ஒரு வெந்நீர்ப் பை மேலானது. அதில் நச்சுப்புகை இல்லை. காவலர் அறைகளைக் கட்டுவோர் தகரத்தை விடுத்து, தடித்த சுவரும், தென்புறச் சாளரமும், காற்றுப் போக்கியும் அமைத்துக் கொடுப்பார்களாயின், கணப்புச் சட்டி உள்ளே செல்ல வேண்டிய தேவையே எழாது. அது பெருஞ்செலவும் அன்று.

அந்த அறிக்கையின் தமிழாக்கம் பின்னர் செம்மையாக அச்சேறிற்று. “மிதமான சூட்டு நீரால் வெப்பமூட்டுதலும், மிதமான குளிர்நீரால் குளிரூட்டுதலும்” என்று அத்தொடரை எழுதினோம், பொறியாளரும் இசைந்தார். எந்த வேலைக்கு எவ்வளவு உயரத்து வெப்பம் வேண்டும் என்று முதலில் கேட்டறிந்து, அதற்கு மேல் ஒரு படியும் ஏறாதிருப்பதே அத்தொடரின் சாரம். உலையை உருக்குவதற்கு உலைத்தீ வேண்டும். உடலைக் காப்பதற்கு உள்ளங்கைச் சூடு போதும். இனி வீடு கட்டுவோரும், அலுவலகம் எழுப்புவோரும், யந்திரம் வாங்கக் கடைக்குச் செல்லுமுன் இக்கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்களாக.